நூதனசாலையில் ஆண்டுகளைப் படிப்பது எப்படி?

கொழும்பு தேசிய நூதனசாலைக்குள் போகும் எவரும் செய்வது ஏறத்தாழ ஒன்றுதான். பொருளைப் பார்ப்பார்கள், கீழே இருக்கும் குறிப்பில் ஆண்டைப் படிப்பார்கள், "அம்மாடி, இவ்வளவு பழசா!" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்வார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பாடசாலைப் பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகளும் அப்படித்தான். கனடாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் உறவினரைக் கூட்டிக்கொண்டு போகும் நாங்களும் அப்படித்தான். அந்த ஆண்டு அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு வெண்கலச் சிலைக்குக் கீழே "11ஆம் நூற்றாண்டு" என்று எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார்? செம்புக்கும் கருங்கல்லுக்கும் யார் பிறப்புப் பதிவு வைத்திருந்தார்கள்?

இந்தக் கேள்வியோடு அந்தக் கூடங்களைச் சுற்றி வந்தால் நூதனசாலையே வேறொன்றாகத் தெரியும். பொருட்களில் பெரும்பாலானவை தம் வயதைத் தாமாகச் சொல்வதில்லை. அவை கிடந்த மண்ணும், அவற்றோடு கூடக் கிடந்தவையுமே வயதைச் சொல்கின்றன. கோர்ட்டில் சாட்சி சொல்வது பொருளல்ல, அயலார்தான்.

கட்டடத்தின் வயதில் மட்டும் சிக்கல் இல்லை. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பொதுவேலைத் திணைக்களத்துக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர் வரைந்த படத்தை வைத்து வாப்பிச்சி மரைக்கார் கட்டி முடித்தார். 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் மூடிவைத்தால் போதும் என்றாராம் மரைக்கார். கொழும்பில் இன்றும் சொல்லப்படும் கதை இது. கடதாசியும் கையொப்பமும் இருந்த காலத்துக் கட்டடம் என்பதால் அதன் நாளும் பொழுதும் தெரியும். உள்ளே இருப்பவற்றில் அந்தப் பாக்கியம் பெற்றவை சில மட்டுமே.

அவற்றில் ஒன்று, தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் தவறவிடக்கூடாத காலி மும்மொழிக் கல்வெட்டு. ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர் உயரமும் 76 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பலகைக் கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். மிங் பேரரசர் யொங்லெயின் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. சீனப் பகுதியின்படி 1,000 பொன், 5,000 வெள்ளி, 100 சுருள் பட்டு, வாசனை எண்ணெய் என்று நீள்கிறது. மூன்று சாமிகளுக்கும் குறைவைக்காத ஒரு பேரரசனின் கணக்கு.

இதில் ஆண்டு எழுதப்பட்டே இருக்கிறது. யொங்லெ ஆட்சியின் 7ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம். நம்முடைய நாட்காட்டியில் 1409 பெப்ரவரி 15. நூற்றாண்டு, ஆண்டு என்பதையெல்லாம் தாண்டி நாள் வரைக்கும் தெரிகிற அபூர்வம். ஆனால் இந்த இடத்திலேயே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இது சீனாவில் வாசகம் எழுதப்பட்ட நாள். செங் ஹேயின் மூன்றாம் கடற்பயணம் 1409இன் பிற்பகுதியில் தொடங்கி 1411இல் முடிந்தது. ஆகவே கல் இலங்கையில் எந்த நாளில் இறக்கப்பட்டது, எந்த நாளில் நாட்டப்பட்டது என்பவற்றை அந்தத் திகதி சொல்லவில்லை. "1409இல் காலியில் நாட்டப்பட்ட கல்" என்று எழுதிவிடுவது எளிது. கல் சொல்லாததை நாம் அதன் வாயில் திணிக்கிறோம்.

இடத்தின் கதை இன்னும் மோசம். 1911இல் மாகாணப் பொறியியலாளர் தோம்லின் இதைக் கண்டெடுத்தது காலி நகரத்தில், ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்த நிலையில். தமிழ் வாசகம் பேசுகிற தேனாவரை காலியிலிருந்து கிழக்கே தள்ளி, தென்கோடியில் இருக்கும் இன்றைய தெவிநுவர. கல் முதலில் நின்றது அங்கேயா, காலித் துறைமுகத்திலா என்பதை மதகு சொல்லப்போவதில்லை. யாரோ ஒரு ஓவர்சியர் நல்ல தட்டையான கல் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டிருப்பார். எழுதிய நாள் தெரிந்தும் நின்ற இடம் தொலைந்துபோனது இந்தக் கல்லின் விதி. நூதனசாலையில் உள்ள மற்றவற்றில் பலவும் நாளும் இல்லாமல், சிலவேளை இடமும் இல்லாமல் நிற்கின்றன.

நாள் எழுதாத கல்வெட்டுக்கு எழுத்தின் வடிவத்தைப் பார்த்து வயது சொல்வார்கள். முறை இதுதான்: ஆண்டு குறிப்பிடப்பட்ட சாசனங்களை முளைகளாக அடித்துக்கொள்வது, ஒவ்வொரு முளைக்கும் இடையில் 'க' எப்படி வளைந்தது, 'ம' எப்போது சுழிந்தது என்று வரிசைப்படுத்துவது, பிறகு வயது தெரியாத கல்லை அந்த வரிசையில் பொருத்திப் பார்ப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எழுத்து எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. தலைநகரத்துக் கற்தச்சன் புதுப் பாணியில் வெட்டும்போது ஒதுக்குப்புறத்துக் கிழத் தச்சன் தாத்தா காட்டிக்கொடுத்த எழுத்தையே வெட்டிக்கொண்டிருப்பான். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளைப் பற்றிய கேகாலைக் கொட்டகம கல்வெட்டு 14ஆம் நூற்றாண்டா, 15ஆம் நூற்றாண்டா என்று ஆய்வாளர்கள் ஒருமுகப்படாததற்கு இதுவும் காரணம். எழுத்தை மட்டும் நம்பினால் ஒரு நூற்றாண்டு இப்படி அப்படி என்று வைத்துக்கொள்வதே நேர்மை.

எழுத்தோடு மண்ணும் சேர்ந்து பேசினால் நிலைமை வேறு. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. இந்திரபாலா தலைமையிலான குழு ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது பெருங்கற்காலப் பண்பாட்டுச் சவக்குழி ஒன்றிலிருந்து ஒரு சிறிய முத்திரை கிடைத்தது. விரல் நுனியில் அடங்கும் அளவு. ஒரு வரியில் பெருங்கற்காலப் பானைகளில் காணப்படுவது போன்ற குறியீடுகள், இன்னொரு வரியில் பிராமி எழுத்துகள். எழுத்தமைதியைக் கொண்டு கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று மதிப்பிட்டார்கள். இதையே ஒரு புதையல் வேட்டைக்காரன் எடுத்து, நாலு கைமாறி, கொழும்பில் ஒரு பழம்பொருள் கடைக்கு வந்திருந்தால் என்னவாகியிருக்கும்? எழுத்துக் கீறிய சிறு கல். போலியோ என்ற சந்தேகம் கடைசிவரை போயிருக்காது. எலும்பும் பானையும் பக்கத்தில் இருந்ததால்தான் அது சரித்திரமாயிற்று.

இனி வெண்கலங்கள். பொலன்னறுவைச் சிவாலயங்களை ஒட்டி 1907, 1908 காலத்தில் எச். சி. பி. பெல்லின் தொல்லியல் துறையினர் தோண்டியபோது நடராசரும் அடியார்களும் மண்ணுக்குள்ளிருந்து வந்தார்கள். 1960இல் இன்னும் ஒரு தொகுதி கிடைத்தது. கொழும்பில் இருப்பவற்றுள் என் கால்கள் தாமாக நிற்கும் இடம் காரைக்கால் அம்மையார். வற்றிய மார்பும் துருத்திய எலும்பும் கொண்ட அந்த உருவத்தை அழகில்லாதது என்று கடந்து போகிறவர்களைப் பார்க்கிறபோது கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும்.

இவற்றில் ஆண்டு எழுதப்படவில்லை. சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக வைத்திருந்தது 11ஆம் நூற்றாண்டில். 1070இல் முதலாம் விஜயபாகு அதை மீட்டார். ஆனால் சோழர் போனதோடு சிவவழிபாடு போய்விடவில்லை. சிலையின் முகம், இடுப்பின் வளைவு, ஆடை மடிப்பு, பீடத்தின் வடிவம் ஆகியவற்றைத் தென்னிந்தியாவில் காலம் தெரிந்த சிலைகளோடு ஒப்பிட்டே 11, 12, 13 என்று நூற்றாண்டு போடுகிறார்கள். சோழநாட்டில் வார்த்துக் கடல் கடந்து வந்தவையா, பொலன்னறுவையிலேயே வார்த்தவையா என்ற விவாதமும் பாணியைச் சுற்றியே நடக்கிறது. பாணி என்பது கண்ணின் தீர்ப்பு. இரண்டு நிபுணர்களின் கண்கள் ஒத்துப்போக வேண்டும் என்று சட்டமில்லை.

உலோகத்தைக் கேட்டால் என்ன? மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு ஓடிய வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றிச் செய்யப்பட்டவை இவை. ஐம்பொன் என்று நாம் வாய் நிறையச் சொன்னாலும், தென்னிந்தியப் படிமங்களை ஆய்வுகூடத்தில் பார்த்தால் செம்போடு வெள்ளீயமும் ஈயமுமே கணிசமாகத் தெரிகின்றன. தங்கமும் வெள்ளியும் இருந்தாலும் சுவடளவே. சாரதா ஸ்ரீநிவாசன் என்ற உலோகவியல் ஆய்வாளர் இந்த ஈயத்தைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்திலும் அதன் ஓரிடத்தான்களின் விகிதம் வேறுபடும். ஈயத்தின் விகிதத்தையும் நுண்ணளவில் கலந்திருக்கும் பிற உலோகங்களையும் அளந்து, காலம் தெரிந்த படிமங்களோடு ஒப்பிட்டு, எந்தக் காலத்துப் பட்டறைகளின் குழுவில் ஒரு சிலை சேரும் என்று அவர் வகைப்படுத்தினார். பாணியைப் பார்க்கும் கண்ணுக்கு இது இரண்டாவது சாட்சி. நேரடியாக ஆண்டைச் சொல்லும் கடிகாரம் அல்ல.

அந்தக் கடிகாரத்துக்கு வர, இந்த வெண்கலங்களைப் பற்றி முதல் பெரிய நூலை எழுதியவரின் வழியாகப் போகலாம். ஆனந்த குமாரசுவாமி. நூதனசாலை திறந்த அதே 1877இல் கொழும்பில் பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். கொழும்பு நூதனசாலை வெண்கலங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1914இல் வெளிவந்தது. கலை விமர்சகர், நடராச தத்துவத்தை மேற்குலகத்துக்குச் சொன்னவர் என்றுதான் அவரை அறிவோம். அதற்கு முன்னால் அவர் புவியியலாளர். இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் முதல் பணிப்பாளர். 1904இல் இலங்கை மண்ணிலிருந்து ஒரு புதிய கறுப்புக் கனிமத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். தோரியனைற்று. பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு. கதிரியக்கம் உள்ளது.

அந்தத் தோரியம், யுரேனியம், பொற்றாசியம் ஆகியவை மிகச் சிறிய அளவில் நம் மண்ணில் எங்கும் இருக்கின்றன. பானைக் களிமண்ணிலும் இருக்கின்றன. அவை சிதையும்போது வெளிவரும் கதிர், களிமண்ணிலுள்ள படிகத் துகள்களின் இலத்திரன்களை இடம்பெயர்க்கிறது. பெயர்ந்த இலத்திரன்களில் ஒரு பகுதி படிகத்தின் குறைபாடுகளில் மாட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும். குயவன் சூளையில் சுடும்போது அந்த வெப்பத்தில் மாட்டியவை எல்லாம் விடுபட்டுக் கணக்குப் பூச்சியமாகிறது. பானை உடைந்து மண்ணுக்குள் போன பிறகும் சேகரிப்பு நிற்காது. ஆயிரம் ஆண்டு கழித்து ஆய்வுகூடத்தில் அந்த ஓட்டுத்துண்டின் துகளை மறுபடி சூடாக்கினால், விடுபடும் இலத்திரன்கள் மெல்லிய ஒளியாகச் சேமிப்பைக் கொட்டுகின்றன. ஒளியின் அளவிலிருந்து மொத்தக் கதிர் எவ்வளவு என்று கணித்து, ஆண்டுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்பதால் வகுத்தால் கடைசியாகச் சுட்ட காலம் கிடைக்கும். வெப்ப ஒளிர்வு முறை என்பது இதுவே.

வகுக்கும் அந்த எண்ணில்தான் சூட்சுமம். ஓட்டுக்கு வந்த கதிரில் ஒரு பகுதி ஓட்டிலிருந்தே வந்தது, இன்னொரு பகுதி அதைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்து வந்தது. அந்த மண்ணின் கதிரியக்கத்தையும் ஈரத்தையும் அளக்காமல் சரியான வயது சொல்ல முடியாது. கழுவித் துடைத்து அலுமாரியில் வைத்த பானை பார்க்கத்தான் அழகு. பாதிக் கடிகாரம் தோண்டிய குழியிலேயே தங்கிவிட்டது. வெண்கலங்களுக்கும் இம்முறையால் பெரிதாகப் பயனில்லை. உள்ளீடற்ற சிலைக்குள் சுட்ட மண்கரு மீந்திருந்தால் அதைச் சோதிக்கலாம். தென்னிந்திய மரபுப் படிமங்களோ பெரும்பாலும் உள்ளீடு நிறைந்த திண்வார்ப்புகள்.

பொலன்னறுவைச் சிலைகளுக்கு இடமாவது தெரியும். பிரித்தானிய நூதனசாலையில் நிற்கும் பொன்முலாம் பூசிய தாரா சிலைக்கு அதுவும் இல்லை. ஆளுநராக இருந்த றொபேட் பிறவுன்றிக் 1830இல் அதை லண்டனுக்குக் கொடுத்தார். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிழக்குக் கரையோரம் கிடைத்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எந்தக் கோயில், எந்தக் குழி, பக்கத்தில் என்ன இருந்தது? பாணியைப் பார்த்து ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். சிலையைத் திருப்பிக் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் நாளைக்கே திரும்பி வந்தாலும் அந்தக் குழி திரும்பி வராது.

இதுவரை பார்த்தவற்றில் மிகப் பழையது இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு. தொல்வரலாற்றுக் கூடத்தில் எண்கள் திடீரென்று பத்து இருபது மடங்காகின்றன. 1939 முதல் 1963 வரை நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல சப்ரகமுவக் குகைகளில் தோண்டி எடுத்த எலும்புகளுக்கு உரிய மனிதனுக்குப் பலாங்கொடை மனிதன் என்று பெயரிட்டார். அவர் தோண்டத் தொடங்கிய காலத்தில் வயது சொல்லக் கருவி இல்லை. அவருடைய மகன் சிரான் தெரணியகல காபன் 14 முறையைக் கையில் எடுத்துக்கொண்டு அதே குகைகளுக்குத் திரும்பினார். குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென, கித்துல்கலைக்கு அருகிலுள்ள பெலிலென ஆகியவற்றில் கிடைத்த முக்கோண, பிறைவடிவ நுண்கற்கருவிகள் முப்பதாயிரம் ஆண்டை ஒட்டியவை என்று வந்தபோது வெளிநாட்டு ஆய்வாளர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். ஐரோப்பாவில் அந்த மாதிரிக் கருவிகள் பரவியது பனிக்காலம் முடிந்த காலத்தில்.

காபன் 14 எப்படி வேலை செய்கிறது? வானவெளியிலிருந்து வரும் கதிர் வளிமண்டலத்தின் நைதரசனைத் தாக்கி, கதிரியக்கமுள்ள காபன் 14ஐ ஓயாமல் உண்டாக்குகிறது. இலட்சம் கோடி காபன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவு. தாவரம் அதைக் காற்றிலிருந்து எடுக்கிறது, விலங்கு தாவரத்திலிருந்து எடுக்கிறது. உயிர் போன கணத்தில் வரவு நிற்கிறது, செலவு தொடர்கிறது. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை இருப்பு பாதியாகும். மிச்சத்தை அளந்தால் இறந்து எவ்வளவு காலம் என்று தெரியும். வில்லாட் லிபி என்ற அமெரிக்க வேதியியலாளர் 1940களின் கடைசியில் உருவாக்கிய முறை. 1960இல் நோபல் பரிசு பெற்றார். ஒருகாலத்தில் கை நிறையக் கரி கேட்ட இம்முறைக்கு இன்று சில மில்லிகிராம் போதும். கரி, விதை, எலும்பு, சிப்பி என்று உயிர் இருந்தவற்றுக்கே இது செல்லும். கல்லுக்கும் செம்புக்கும் செல்லாது. "இந்தக் கல்வெட்டைக் காபன் பரிசோதனை செய்தார்கள்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றலாம்.

50,000 ஆண்டில் மிச்சம் நானூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் அதுவே இம்முறையின் எல்லை. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன்கலக் குகை அந்த விளிம்பில் நிற்கிறது. அங்கிருந்து வந்த எலும்பு அம்பு முனைகளை ஆராய்ந்து 2020இல் ஒரு சர்வதேசக் குழு கட்டுரை வெளியிட்டது. இலங்கையைச் சேர்ந்த ஒஷான் வெடகேயும் அதில் ஒருவர். வயது 48,000 ஆண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த இன்னொரு கட்டுரை, அந்த மனிதர்கள் குரங்கையும் மர அணிலையும் குறிவைத்து வேட்டையாடியதைக் காட்டியது. மழைக்காட்டில் மனிதன் வாழ முடியாது என்ற பழைய நம்பிக்கைக்கு விழுந்த நல்ல அடி. இந்த வயதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: அந்த மாதிரியில் நூற்றுக்கு ஒரு பங்கு இக்காலக் காபன் கலந்துவிட்டால் 48,000 ஆண்டுப் பொருள் 36,000 ஆண்டுப் பொருள்போலத் தோன்றும். ஒரு வேர், தோண்டியவரின் கை எண்ணெய், ஒட்டப் பூசிய பசை எதுவும் இதைச் செய்யும்.

இதைவிடப் பெரிய வம்பு இன்னொன்று இருக்கிறது. நமக்கென்றே இயற்கை வைத்தது போல இருக்கும். வளிமண்டலத்தில் காபன் 14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால் ஆண்டு வளையம் எண்ணிக் காலம் அறிந்த மரங்களை அளந்து, ஆய்வுகூட எண்ணைச் சரியான ஆண்டாக மாற்றும் ஒரு வளைகோட்டைத் தயாரித்திருக்கிறார்கள். அந்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் சரிவில்லாமல் மேடையாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் காற்றின் காபன் 14 குறைந்து வந்த வேகம், சிதைவின் கணக்கை ஏறக்குறைய ஈடுசெய்துவிட்டது. விளைவு: கி.மு. 720இல் வெட்டிய மரமும் கி.மு. 450இல் வெட்டிய மரமும் ஆய்வுகூடத்தில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும்.

தெற்காசியாவின் சூடான சண்டைகள் எல்லாம் சரியாக அந்த நானூறு ஆண்டுக்குள்தான் இருக்கின்றன. பிராமி எழுத்து எப்போது வந்தது, நகரங்கள் எப்போது எழுந்தன, யார் முந்தியவர். அநுராதபுரத்தில் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளுக்குச் சிரான் தெரணியகல கி.மு. 600-500 என்றார், பின்னர் அங்கே அகழ்ந்த கோனிங்ஹாமும் அல்சினும் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்றார்கள். இரண்டுமே அசோகனுக்கு முந்தியவை என்பது முக்கியம். தமிழ்நாட்டுக் கீழடியில் 353 சென்ரிமீற்றர் ஆழத்துக் கரிக்கு கி.மு. 580 என்று 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்த எண்ணை மேடைக்கு மேடை சொல்லிப் பூரிக்கிறோம். அதுவும் இதே மேடைக்கோட்டின் நடுவில் விழுகிறது. காபன் முறை தருவது எப்போதும் ஒரு வீச்சு, "இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையில்" என்ற விடை. தனி எண்ணாகச் சுருக்கினால் தலைப்புச் செய்திக்கு நன்றாக இருக்கும், அறிவியலுக்கு நன்றாக இராது. சிங்களவர் முந்தியா தமிழர் முந்தியா என்று முகநூலில் ஐம்பது ஆண்டுக்கும் நூறு ஆண்டுக்கும் அடிபடுகிறவர்கள் இந்த வளைகோட்டை ஒருதரம் பார்த்தால் இரத்த அழுத்தம் குறையும்.

இந்த மேடையிலிருந்து இறங்க வழி மண்ணடுக்குதான். வெள்ளவத்தையில் பழைய வீடொன்றை இடித்து மாடி கட்ட அத்திவாரம் வெட்டும்போது, சீமெந்துத் தரைக்கு அடியில் 1968ஆம் ஆண்டுச் சதக் குற்றி ஒன்று கிடைத்தால், அந்தத் தரை 1968க்கு முன்னர் போடப்பட்டிருக்க முடியாது என்று மேசன் பாஸே சொல்லிவிடுவார். தொல்லியலாளரும் அதையே செய்கிறார். கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது. ஓர் அடுக்கில் கிடைத்த ரோமக் காசு அந்த அடுக்கின் வயதுக்கு ஒரு மேலெல்லை போடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள பத்து அடுக்குகளிலிருந்து பத்து மாதிரிகளை எடுத்து, அவற்றின் வரிசை தெரிந்த நிலையில் கணித்தால், தனித்தனியே மங்கலாக இருந்த விடைகள் ஒன்றையொன்று நெருக்கிக் கூர்மையாகும். ஒற்றை மாதிரியால் முடியாததை வரிசை செய்கிறது. வரிசை கலைந்தால் எதுவும் இல்லை.

யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் இருக்கும் தொல்பொருள் நூதனசாலைக்குப் போகும்போதும் இதை நினைவில் வையுங்கள். பார்ப்பதற்குக் கொழும்பின் பகட்டு இராது. ஆனால் கந்தரோடையில் 1917ஐ ஒட்டிப் போல் பீரிஸ் தோண்டியது, 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அடுக்கடுக்காக அகழ்ந்தது, 1980இன் ஆனைக்கோட்டை என்று வடபகுதியின் கதை சின்னஞ்சிறு ஓடுகளில்தான் எழுதியிருக்கிறது. ஒரு பிரதேச நூதனசாலையின் பெறுமதியை அதன் பெரிய சிலைகளால் அளக்கக்கூடாது என்பது என் கட்சி. குறிப்பட்டையில் எந்த ஊர், எந்தக் குழி, எந்த அடுக்கு, எந்த ஆண்டு அகழ்வு என்று எத்தனை பொருட்களுக்கு எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எழுதாதவை அதிகம் என்றால் மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். பார்வையாளர் கேட்கத் தொடங்கினால் குறிப்புகள் தாமாக நீளும்.

புதையல் தோண்டுகிறவர்கள் பற்றிய செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. நரபலி, மாந்திரீகம் என்று அதை விநோதச் செய்தியாக வாசித்துவிட்டுப் போகிறோம். அவர்கள் தூக்கிக்கொண்டு போகும் பொன்னைவிட, அதைத் தேடி அவர்கள் கிளறி எறியும் மண்தான் பெரிய இழப்பு. பொன் பிடிபட்டால் நூதனசாலைக்கு வந்துவிடும். கலைந்த அடுக்கைப் பொலிஸாலும் மீட்க முடியாது.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குரியது, கண்டவர் அறிவிக்க வேண்டும். ஊரிலே கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு அத்திவாரம் போடும்போதோ பழைய ஓடு, எலும்பு, காசு, மணி எது தட்டுப்பட்டாலும் மண்வெட்டியை நிறுத்துங்கள். எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். இருந்த இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துத் தொலைபேசியில் படம் எடுங்கள், நிலமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அதன் தலைமை அலுவலகம் கொழும்பு 7இல், நூதனசாலை இருக்கும் அதே சேர் மாக்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில்தான் இருக்கிறது.